பெயர் அழிந்தபின் எஞ்சுவது

பெயருக்கும் பொருளுக்கும் உள்ள உறவு யாது என்னும் வினா மிகப் பழமையானது. முதலில் பொருளுக்குப் பெயரிடுகிறோம். பிறகு பெயரையே பொருளென்று கொள்கிறோம். இறுதியில், பெயர் இல்லாத பொருள் பயனற்றது என்று எண்ணத் தலைப்படுகிறோம். துணியின் நூலைத் தடவிப் பார்த்து வாங்குவோர் குறைந்து, அதன் ஓரத்தில் தைக்கப்பட்ட சிறு பட்டையைப் படித்து வாங்குவோர் பெருகிவிட்ட காலம் இது. இந்நிலையில், ஒரு பொருளின்மேல் எழுதப்பட்ட பெயர் முற்றும் அழிந்துபோனால் அது யாதென்று எவ்வாறு அறிவது? அறிந்தபின் அவ்வறிவைக் கொண்டு என்ன செய்வது? முதல் வினா மெய்யியலைச் சார்ந்தது. இரண்டாவது ஒழுக்கவியலைச் சார்ந்தது. இரண்டையும் ஒருங்கே எழுப்பும் ஓர் எளிய பொருளை இம்மாதச் சிந்தனைக்கு எடுத்துக்கொள்வோம். அது ஒரு பழைய பிரெஞ்சு மிதிவண்டியின் சட்டகம்.

மிதிவண்டிக் கடைகளில் ஃபிரேம் என்று சொல்லப்படும் சட்டகமே மிதிவண்டியின் உடல். சக்கரம், சங்கிலி, பெடல், இருக்கை ஆகிய அனைத்தும் தேய்ந்து மாற்றப்படுபவை. சட்டகம் மட்டும் நிலைத்து நிற்பது. தீசியசின் கப்பலைப் பற்றிப் புளூட்டார்க் எழுதிய பழைய புதிரை நம்மில் பலர் கேட்டிருப்போம். பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்டபின் அது அதே கப்பல்தானா என்று ஏதென்சு நகரத்து மெய்யியலார் வாதிட்டனர். மிதிவண்டியைப் பொறுத்தவரை அப்புதிருக்கு அத்தொழில் அறிந்தோர் ஒரு விடை வைத்திருக்கின்றனர். சட்டகம் மாறாதவரை அது அதே வண்டி. சட்டகம் மாறினால் அது வேறு வண்டி. எனவே ஒரு வண்டியை அடையாளம் காண்பது என்பது அதன் சட்டகத்தை அடையாளம் காண்பதே.

பிரான்சு நாட்டின் ஊர்களில், குடும்பங்கள் தம் பரணில் கிடக்கும் பழம்பொருள்களைக் கீழே இறக்கித் தெருவில் பரப்பி விற்கும் சந்தைகள் ஆண்டுதோறும் கூடுகின்றன. அங்கே, தாத்தா ஓட்டிய வண்டி என்பதற்குமேல் எதுவும் அறியாத பேரப்பிள்ளைகள் துருவேறிய சட்டகங்களைச் சிறு தொகைக்கு விற்றுவிடுவது உண்டு. வண்ணம் உரிந்திருக்கும், முகப்பில் இருந்த உலோகத் தகடு கழன்று போயிருக்கும், குழாயின்மேல் ஒட்டியிருந்த எழுத்துக்கள் மறைந்திருக்கும். ஆயினும் அதன் அமைப்பில் ஏதோ ஒன்று வழக்கத்துக்கு மாறாக இருப்பதைப் பழகிய கண் உடனே கண்டுகொள்ளும். அங்கேதான் நம் வினா தொடங்குகிறது.

பல பட்டறைகளின் நாடு

இவ்வினா பிரான்சு நாட்டில் ஏன் இத்துணைக் கடினமாகிறது என்பதை முதலில் காண்போம். அந்நாட்டில் மிதிவண்டி செய்தோர் எண்ணிலடங்கார். ஒருபுறம் பெழோ போன்ற பெருந்தொழிற்சாலைகள் இருந்தன. சென்-எத்தியேன் நகரில் 1885இல் தோன்றிய மானுஃபிரான்ஸ் நிறுவனம், வேட்டைத் துப்பாக்கிகளையும் மிதிவண்டிகளையும் தன் தடித்த விலைப்பட்டியல் நூலின் வழியாக நாடெங்கும் அஞ்சலில் விற்றது. அதன் மிதிவண்டிக்குத் தகைவிலான் குருவியின் பெயரான இரோந்தெல் என்பது பெயர்.

மறுபுறம், ஆளுக்கேற்ப அளவெடுத்து வண்டி செய்து கொடுத்த சிறு பட்டறைகள் இருந்தன. பாரிசை அடுத்த லெவலுவா-பெரேயில் ரெனே எர்ஸ் (1908–1976) என்பவரும் அலெக்ஸ் சிங்கர் என்பவரும் நடத்திய பட்டறைகள் இவற்றுள் புகழ்பெற்றவை. சிங்கரின் பட்டறை 1938இல் தொடங்கப்பட்டது. எர்ஸ் வானூர்தித் துறையில் வேலை பார்த்துப் பயின்றவர். எடை குறைவாகவும் உறுதி குன்றாமலும் செய்வது எவ்வாறு என்பதை அங்கே கற்றவர். இத்தகையோர் சட்டகத்தை மட்டும் தனியே செய்யவில்லை. மண்காப்பு, விளக்கு, சுமைதாங்கி ஆகிய அனைத்தையும் சட்டகத்தோடு ஒன்றாகவே எண்ணித் திட்டமிட்டனர்.

இவ்விரு வகையினருக்கும் பின்னணியில் நிற்பவர் பவுல் தெ விவி (1853–1930). வெலோசியோ என்னும் புனைபெயரில் எழுதிய இவர் 1887இல் சென்-எத்தியேனில் மிதிவண்டியாளருக்கென ஓர் இதழ் தொடங்கினார். மலைப்பாதையில் ஏறுவதற்கு ஒரே பல்விகிதம் போதாது, பல விகிதங்கள் வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் வாதாடினார். பிரான்சின் புகழ்பெற்ற தூர் தெ ஃபிரான்சு பந்தயமோ 1937 வரை பல்சக்கர மாற்றியை அனுமதிக்கவில்லை. எனவே புதுமைகள் பந்தயத் திடலைவிட மலைச்சாலைகளிலும் சுற்றுலாப் பயணிகளின் வண்டிகளிலுமே முதலில் தோன்றின. பெடலை முன்னோக்கி மிதித்தால் ஒரு வேகமும், பின்னோக்கி மிதித்தால் மலையேறுவதற்கேற்ற மற்றொரு வேகமும் தரும் இரோந்தெல் வண்டி அவற்றுள் ஒன்று. காமினாட் என்பவரின் பட்டறையில் 1930களில் உருவான வண்டியோ எண்கோணமான அலுமினியக் கலவைக் குழாய்களைத் திருகாணிகளால் இறுக்கி அமைக்கப்பட்டது. எண்கோணக் குழாயைக் கண்டவர் எவரும் பெயர்த்தகட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் வட்டமான எஃகுக் குழாய்களால் ஆன சட்டகம் அவ்வாறு உரக்கப் பேசுவதில்லை. அதனிடம் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

நான்கு வினாக்கள்

ஒரு பொருளை முழுமையாக அறிய நான்கு காரணங்களை வினவ வேண்டும் என்று அரிஸ்டாட்டில் கற்பித்தார். அது எதனால் ஆனது? எவ்வடிவில் அமைந்தது? யார் ஆக்கியது? எதற்காக ஆக்கப்பட்டது? மெய்யியல் வகுப்பில் கற்சிலையைக் காட்டி விளக்கப்படும் இப்பாடம், பெயர் அழிந்த சட்டகத்தின்முன் உயிர்பெற்று எழுவதைக் காணலாம்.

முதலாவது, எதனால் ஆனது என்னும் வினா. பிரெஞ்சு வழக்கில் இருக்கைக் குழாயும் கீழ்க்குழாயும் 28 மி.மீ. விட்டமும், மேற்குழாய் 26 மி.மீ. விட்டமும் உடையவை. ஆங்கில வழக்கிலோ அவை முறையே 28.6 மி.மீ., 25.4 மி.மீ. ஆகும். கண்ணுக்குப் புலப்படாத இந்த அரை மில்லிமீட்டர் வேறுபாட்டை அளவுகோல் காட்டிவிடும். இருக்கைத் தண்டு எத்தடிப்பில் உள்ளே பொருந்துகிறது என்பதைக் கொண்டு குழாயின் சுவர் மெல்லியதா தடித்ததா என்று அறியலாம். 1935இல் அறிமுகமான ரெய்னால்ட்ஸ் 531 என்னும் ஆங்கிலேய எஃகுக் குழாய், பிரெஞ்சு அளவில் செய்யப்பட்டுப் பிரெஞ்சுப் பட்டறைகளுக்கும் சென்றது. அத்தகைய மெல்லிய குழாயில் 26.4 மி.மீ. தண்டு பொருந்தும், மலிவான தடித்த குழாயில் அதனினும் சிறியதே பொருந்தும்.

இரண்டாவது, வடிவம். குழாய்கள் சந்திக்கும் இடத்தில் லக் எனப்படும் மூட்டு உறைகள் உள்ளனவா, அன்றி உறையின்றிப் பித்தளையை உருக்கிப் பற்றவைத்து இழைத்திருக்கிறார்களா? உறை உண்டெனில் அதன் விளிம்பு வளைவுகள் யாவை? அரத்தால் மெலிதாக்கப்பட்டுள்ளனவா, அன்றி வார்ப்பில் வந்தபடியே விடப்பட்டுள்ளனவா? பெடல் அச்சு செல்லும் கூட்டின் மரை மிகச் சிறந்த சான்று. பிரெஞ்சு மரை 35 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. இடைவெளியும் உடையது, இரு பக்கமும் வலச்சுற்று மரையே. ஆங்கில மரை 1.37 அங்குலம், அதாவது 34.8 மி.மீ.; அங்குலத்துக்கு 24 சுற்று; சங்கிலிப் பக்கம் மட்டும் இடச்சுற்று. இத்தாலிய மரை 36 மி.மீ. அளவினது. இருக்கையையும் கைப்பிடியையும் கழற்றி எறிந்துவிட்டவர்கள்கூட இம்மரையை எளிதில் மாற்றிவிட முடியாது. எழுத்து அழிந்தபின்னும் அது தன் நாட்டைச் சொல்லும்.

மூன்றாவது, எதற்காக என்னும் வினா. இதனை அரிஸ்டாட்டில் இறுதியில் வைத்தார். நாமோ சான்று தேடும் வசதிக்காக முன்னே வைப்போம். தடைக்கட்டைக்கான இடம் சக்கரத்திலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளது என்று அளந்தால், அச்சட்டகம் 622 மி.மீ. வட்டுக்கென ஆனதா, 584 மி.மீ. வட்டும் பருத்த டயரும் கொண்ட சுற்றுலா வண்டிக்கென ஆனதா என்பது விளங்கும். சுமைதாங்கிக்கான சிறு குமிழ்கள், விளக்குக் கம்பி உள்ளே செல்லும் நுண்துளை, டைனமோவுக்கான தாங்கி ஆகியவை சட்டகத்திலேயே பற்றவைக்கப்பட்டிருந்தால், அது நெடும்பயணம் செல்லும் ஒருவருக்காகத் திட்டமிட்டுச் செய்யப்பட்டது. பின்னோக்கி மிதிக்கும் வண்டியின் சங்கிலியைத் திருப்பிவிடும் சிறு உருளைக்கென ஒரு தாங்கி எஞ்சியிருந்தால், அந்த ஒரு துண்டு இரும்பே வண்டியின் இயக்கத்தை நமக்கு விளக்கிவிடும்.

நான்காவது, யார் செய்தார் என்னும் வினா. முதல் மூன்று வினாக்களுக்கும் பொருளே விடை தருகிறது. நான்காவதற்கு அது பெரும்பாலும் நேரடியாக விடை தருவதில்லை. ஆனால் சந்தையில் எல்லாரும் கேட்பது இந்த நான்காவதை மட்டுமே.

சான்றின் எல்லை

இவ்விடத்தில் அறிவின் நேர்மை சோதிக்கப்படுகிறது. ஏனெனில் மேற்கூறிய சான்றுகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை உண்டு. நெர்வெக்ஸ் என்னும் பிரெஞ்சு நிறுவனத்தின் அழகிய மூட்டு உறைகளைக் காண்போர் உடனே இது பிரெஞ்சு வண்டி என்று சொல்லிவிடுவர். ஆனால் அதே உறைகளை ஆங்கிலேயரும் அமெரிக்கரும் வாங்கித் தம் சட்டகங்களில் பயன்படுத்தினர். சங்கிலிப் பக்கத்து மரை இடச்சுற்றாக இருப்பின் இது பிரெஞ்சு வண்டி அன்று என்று சொல்லத் தோன்றும். ஆனால் பிரான்சின் மோட்டோபெக்கான் நிறுவனம் 1970களில் 35 மி.மீ. விட்டமும் சங்கிலிப் பக்கம் இடச்சுற்றும் கொண்ட சுவிட்சர்லாந்து மரையைத் தன் வண்டிகள் பலவற்றில் பயன்படுத்தியது. 1980களில் பிரெஞ்சு மரை மெல்ல மறைந்து, பிரெஞ்சு வண்டிகளிலேயே ஆங்கில மரை இடம்பிடித்தது. ஆகவே ஒரு சான்று தனித்து நின்றால் அது குறிப்பு மட்டுமே. பல சான்றுகள் ஒரே திசையைக் காட்டினால்தான் அது தீர்ப்பாகும்.

சட்டகத்தோடு வந்த பிற உறுப்புகளைக் கொண்டு முடிவு செய்வதும் இடருடையது. கிளெர்மோன்-ஃபெரானில் செய்யப்பட்ட மஃபாக் தடை ஒன்று பூட்டியிருக்கிறது என்பதால் வண்டியின் வயதை உறுதி செய்ய இயலாது. ஒருவேளை இருபது ஆண்டுகளுக்குப் பின் யாரோ பூட்டியிருக்கலாம். உறுப்பு சொல்வது உறுப்பின் வரலாற்றை. அது சட்டகத்தின் வரலாறுமாகும் என்பதற்கு வேறு சான்று வேண்டும்.

உறுதி, நிகழத்தக்கது, இயலக்கூடியது என்று மூன்று படிகளை நம் அறநெறி இயலார் பிரித்தறிந்தனர். இந்தச் சட்டகம் பிரெஞ்சு நாட்டது என்பது உறுதியாக இருக்கலாம். இது சுற்றுலா வண்டி செய்த ஒரு சிறு பட்டறையின் படைப்பு என்பது நிகழத்தக்கதாக இருக்கலாம். இது எர்ஸ் அவர்களின் கையால் உருவானது என்பது இயலக்கூடியது என்ற அளவிலேயே நின்றுவிடலாம். மூன்றாம் படியில் நிற்பதை முதற்படிக்கு ஏற்றிச் சொல்வதில்தான் பொய்யின் தொடக்கம் உள்ளது. அவ்வாறு சொல்பவர் பெரும்பாலும் பொய்யுரைக்க எண்ணுவதில்லை. அவர் ஆசைப்படுகிறார், அவ்வளவே. தம் கையில் இருப்பது அரிய பொருளாக இருக்க வேண்டும் என்னும் ஆசை, ஐயத்தின் குரலைச் சிறிது சிறிதாக அடக்கிவிடுகிறது. மனம் பொருளுக்கு இசைவதே உண்மை என்று நம் மெய்யியல் மரபு கற்பித்தது. இங்கோ பொருளை மனத்துக்கு இசைவாக வளைக்கப் பார்க்கிறோம்.

யாருடைய பெயர்?

யார் செய்தார் என்னும் வினாவில் மற்றுமொரு சிக்கல் உண்டு. பிரான்சின் சிற்றூர்களில் இருந்த மிதிவண்டிக் கடைக்காரர்கள் பலர், சட்டகங்களை வேறு பட்டறைகளிலிருந்து வாங்கி, தம் பெயரை எழுதி விற்றனர். சென்-எத்தியேன் வட்டாரத்துப் பட்டறைகள் இவ்வாறு பிறர் பெயருக்காகப் பெருமளவில் உழைத்தன. எனவே முகப்புத் தகடு அழியாமல் இருந்திருப்பினும், அதில் இருந்திருக்கும் பெயர் அச்சட்டகத்தைச் செய்தவரின் பெயராக இருந்திருக்க வேண்டுவதில்லை. குழாயை அறுத்து, அரத்தால் தேய்த்து, தீயின்முன் நின்று பித்தளையை உருக்கி ஊற்றிய தொழிலாளியின் பெயர் எத்தகட்டிலும் எழுதப்படவில்லை. பெருந்தொழிற்சாலையின் வண்டியிலும் அவர் பெயர் இல்லை. புகழ்பெற்ற பட்டறையின் வண்டியிலும் உரிமையாளரின் பெயர் இருக்குமேயன்றி, உடன் உழைத்தவரின் பெயர் இராது.

அவ்வாறாயின், பெயர் அழிந்ததால் அத்தொழிலாளி இழந்தது எதுவும் இல்லை என்றே சொல்ல வேண்டும். அவருடைய கையொப்பம் மூட்டின் வளைவிலும், பற்றவைத்த இடத்தின் மென்மையிலும், குழாய்கள் ஒரே தளத்தில் நேராக நிற்பதிலும் இருக்கிறது. அதனைத் துரு தொடவில்லை. ஒரு சட்டகத்தின் அடையாளம் காணப்படாவிடினும் அது நன்கு செய்யப்பட்டது என்னும் உண்மை காணப்படலாம். அவ்வுண்மைக்கு எந்தப் பெயரும் தேவையில்லை. வீடு கட்டியவர், கோவில் கட்டியவர், நெய்தவர், உழுதவர் ஆகிய எல்லாருடைய உழைப்பும் இத்தகையதே அன்றோ?

மற்றொரு பெயரும் உண்டு. அது உரிமையாளரின் பெயர். பிரான்சில் 1893இல் மிதிவண்டிகளுக்கு வரி விதிக்கப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வரி செலுத்தியதற்கு அடையாளமாக உலோகத் தகடு ஒன்றை வண்டியில் பொருத்த வேண்டியிருந்தது. உரிமையாளரின் பெயரும் முகவரியும் பொறித்த சிறு தகடும் வண்டியில் இருக்க வேண்டும் என்பது அக்கால ஒழுங்கு. இத்தகடுகளுள் ஏதேனும் ஒன்று எஞ்சியிருப்பின் ஆய்வாளர் மகிழ்வர். காலமும் ஊரும் அதனால் தெரியவரும். ஆனால் அத்தகடு நமக்கு நினைவூட்டுவது வேறொன்று. இச்சட்டகம் ஒருவருடையதாக இருந்தது. அவர் இதனை மிதித்து வேலைக்குச் சென்றார். போர்க்காலத்தில் எரிபொருள் இன்றி ஊர்திகள் நின்றபோது இதுபோன்ற வண்டிகளே குடும்பங்களுக்குக் கால்களாக இருந்தன. அடையாளம் காண்பது உரிமையைக் காண்பதும் ஆகும். திருட்டைத் தடுப்பதற்கென, விற்கப்படும் புதிய மிதிவண்டிகளில் அடையாள எண் பொறிக்கப்பட வேண்டும் என்று பிரெஞ்சுச் சட்டம் 2021 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. எனவே இது யார் செய்தது என்று கேட்பவர், இது யாருடையது என்றும் கேட்கக் கடமைப்பட்டவர்.

பொன்னைப் பித்தளையென விற்பவர்

இப்போது நம் இரண்டாம் வினாவுக்கு வருவோம். பரண் சந்தையில் ஒரு மூதாட்டி தம் மறைந்த கணவரின் பழைய சட்டகத்தை இரும்பு விலைக்கு விற்க வைத்திருக்கிறார் என்று கொள்வோம். அவ்வழியே வரும் ஒருவர் மேற்கூறிய நான்கு வினாக்களையும் தம் உள்ளத்தில் கேட்டு, அது எர்ஸ் பட்டறையின் படைப்பு என்று அறிந்துகொள்கிறார். அதன் மதிப்பு கேட்கப்படும் விலையைப்போல் பல மடங்கு. அவர் என்ன செய்ய வேண்டும்? வாய் திறவாமல் பணத்தைக் கொடுத்து எடுத்துச் செல்லலாமா?

சட்டம் பெரும்பாலும் குறுக்கிடாது. உலகம் அவரைத் திறமைசாலி என்று பாராட்டும். ஆனால் இவ்வினா புதியதன்று. கி.மு. 44இல் சிசரோ தம் கடமைகள் என்னும் நூலில் இதற்கு நெருங்கிய ஒரு வழக்கை எடுத்துரைத்தார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து தானியத்தோடு ஒரு வணிகர் வந்து சேர்கிறார். பின்னால் வேறு பல கப்பல்களும் தானியத்தோடு வந்துகொண்டிருப்பதை அவர் அறிவார். அதை மக்களுக்குச் சொல்ல வேண்டுமா, மறைத்து உயர்ந்த விலைக்கு விற்கலாமா? டயோஜீனசு, ஆன்டிபேட்டர் என்னும் இரு ஸ்டோயிக் அறிஞர்களின் மாறுபட்ட கருத்துக்களாக அவ்வாதத்தை அமைத்த சிசரோ, மறைப்பது தகாது என்று தீர்ப்பளித்தார்.

13ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்வினாஸ் தம் இறையியல் தொகுப்பில் வாங்கல் விற்றலில் நிகழும் ஏமாற்றைப் பற்றி எழுதும்போது, இதனினும் நுட்பமான வேறுபாடு ஒன்றைக் காட்டுகிறார். தானிய வணிகர் பிற கப்பல்களைப் பற்றிச் சொல்லாமல் அன்றைய விலைக்கு விற்றால் நீதிக்கு மாறானவர் ஆகமாட்டார். சொன்னால் அவரது நற்பண்பு மிகும். ஏனெனில் அவர் மறைப்பது இனி வரப்போகும் ஒன்றை. ஆனால் ஒருவர் தம்மிடமுள்ள பொன்னைப் பித்தளையென்று தவறாக எண்ணி விற்கும்போது, அதனைப் பொன்னென்று அறிந்தே வாங்குபவர் அநீதியாக வாங்குகிறார். அவர் ஈடு செய்யக் கடமைப்பட்டவர். ஏனெனில் இங்கே மறைக்கப்படுவது பொருள் இப்போதே யாதாக இருக்கிறது என்னும் உண்மை.

இவ்வேறுபாடு நம் வழக்குக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். அச்சட்டகத்தின் விலை அடுத்த ஆண்டு ஏறுமா இறங்குமா என்பது எவரும் உறுதியாக அறியாதது. அதனைக் கணிப்பதில் வாங்குபவர் தம் திறமையைக் காட்டட்டும். ஆனால் அது யாது என்பது அவ்வாறன்று. மூதாட்டி விற்க எண்ணியது பழைய இரும்பை. வாங்குபவர் எடுத்துச் செல்வதோ ஒரு கலைஞரின் படைப்பை. இருவர் உள்ளத்திலும் இருப்பது ஒரே பொருள் அன்று. ஒரே பொருளைப் பற்றி இருவர் உடன்படாதபோது அங்கே உண்மையான விற்பனை எங்கே நிகழ்ந்தது?

இதற்கு ஒரு மறுப்பு எழும். அதனை நாம் எளிதாகத் தள்ளிவிடலாகாது. அடையாளம் காணும் அறிவைப் பெற அவர் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறார். பழைய விலைப்பட்டியல்களைத் தேடிப் படித்திருக்கிறார். நூறு சட்டகங்களை அளந்திருக்கிறார். அவ்வுழைப்புக்குக் கூலி வேண்டாமா? வேண்டும். மருத்துவரும் வழக்கறிஞரும் தம் அறிவுக்குக் கூலி பெறுகின்றனர். ஆனால் அவர்கள் தம் அறிவைப் பிறருக்கு வழங்கிக் கூலி பெறுகின்றனர். பிறருடைய அறியாமையிலிருந்து தாமே எடுத்துக்கொள்வது கூலி ஆகாது. அவர் மூதாட்டியிடம், அம்மா, இது பழைய இரும்பு அன்று, இது இன்னாரின் படைப்பாக இருக்கக்கூடும், இவ்வளவு பெறும், எனக்கு விற்க விரும்பினால் நான் இவ்வளவு தர இயலும் என்று சொன்னால், அவர் அறிவுக்குரிய நியாயமான ஆதாயத்தை வெளிப்படையாகவே பெறலாம். அந்த ஆதாயம் சிறிதாக இருக்கலாம். ஒருவேளை மூதாட்டி விற்க மறுத்துவிடவும் கூடும். நேர்மைக்கு உரிய விலை அதுவே. அவ்விலையைக் கொடுக்க நேரும்போதுதான் நாம் உண்மையை எவ்வளவு மதிக்கிறோம் என்பது தெரியவருகிறது.

அவருக்கே உறுதியில்லை என்றால்? அப்போது அவர் பகிர வேண்டியது தம் ஐயத்தையே. தெரிந்ததைத் தெரிந்த அளவிலும், தெரியாததைத் தெரியாத அளவிலும் சொல்வது போதும்.

வண்ணம் பூசுமுன்

இதன் மறுபக்கமும் உண்டு. பெயரில்லாச் சட்டகத்தின் பழைய வண்ணத்தைச் சுரண்டி எடுத்து, பளபளக்கும் புதுவண்ணம் பூசி, புகழ்பெற்ற பட்டறையின் எழுத்துக்களை ஒட்டிவிடுவது இன்று எளிது. அவ்வெழுத்துக்களை அச்சிட்டுத் தருவோரும் உள்ளனர். தன் அசல் எழுத்தை இழந்த வண்டிக்கு அதே எழுத்தை மீண்டும் இடுவது சீரமைப்பு. வேறொருவரின் எழுத்தை இடுவது பொய்ச்சான்று. இரண்டுக்கும் பயன்படும் தாளும் பசையும் ஒன்றே. வேறுபடுவது உண்மை மட்டுமே. அதனை ஒட்டுபவர் விற்காமல் தமக்கென வைத்துக்கொண்டாலும், அவருக்குப்பின் அது யார் கைக்கோ போகும். அங்கே அந்தப் பொய் அவர் இல்லாமலே பேசிக்கொண்டிருக்கும்.

நல்லெண்ணத்தோடு செய்யும் சீரமைப்பிலும் ஓர் இழப்பு நேரலாம். அடுக்கடுக்கான பழைய வண்ணத்துக்கு அடியில் முதல் வண்ணத்தின் சிறு துணுக்கு ஒளிந்திருக்கலாம். மறைந்த எழுத்தின் நிழல் சாய்ந்த வெளிச்சத்தில் தெரியலாம். முகப்புத் தகட்டைப் பொருத்திய துளைகளின் இடைவெளியே அத்தகட்டின் உருவைச் சொல்லலாம். அச்சுக்கூட்டின் அடியில் வண்ணம் மூடிய எண் இருக்கலாம். மணல் வீசிச் சுத்தம் செய்தால் வண்ணம் தந்த சாட்சிகள் ஒரு மணி நேரத்தில் அழிந்துவிடும். ஆகவே இத்துறையில் பழகியோர், கேட்டு முடிக்கும்வரை துடைக்காதே என்று இளையோருக்கு அறிவுறுத்துவர். அழகாக்கும் அவசரத்தில் வரலாற்றை அழித்துவிடுவது மிதிவண்டியோடு நிற்கும் குறை அன்று. பழைய ஓலைகளையும் குடும்பக் கடிதங்களையும் குப்பையென எண்ணித் தீயிட்ட நம் இல்லங்கள் அதனை அறியும்.

முடிவாக, எல்லா வினாக்களும் கேட்கப்பட்டு, எல்லா அளவுகளும் எடுக்கப்பட்டபின்னும், விடை கிடைக்காத சட்டகங்கள் உண்டு. உண்மையில் அவையே மிகுதி. பிரெஞ்சு நாட்டது, 1950களை ஒட்டியது, செய்தவர் அறியப்படவில்லை என்று எழுதி வைப்பதோடு ஆய்வு நின்றுவிடும். அதனைத் தோல்வி என்று எண்ணுவோர் பலர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. அறியப்படவில்லை என்னும் சொல், பொய்யான பெயரைவிட அப்பொருளுக்கு நாம் செய்யும் பெரிய மதிப்பு. அது உண்மைக்கு ஓர் இடத்தை வெறுமையாக விட்டு வைக்கிறது. நமக்குப்பின் வருபவர் ஒருவேளை ஒரு பழைய நிழற்படத்தையோ விலைப்பட்டியலையோ கண்டு அவ்விடத்தை நிரப்பலாம். பொய்யான பெயர் அந்த இடத்தை அடைத்துவிடுகிறது.

பெயர் அறியப்படாத அந்தச் சட்டகமும் ஓடத்தான் செய்கிறது. சக்கரம் பூட்டினால் நேராகச் செல்கிறது, மலை ஏறுகிறது, சுமை தாங்குகிறது. மனிதரைப் பார்க்கும்போதும் இதனை நினைவில் கொள்வோம். எந்த ஊர், எந்தக் குடும்பம், எந்தப் பட்டம் என்று தகட்டைத் தேடும் கண்களைச் சற்று விலக்கி, அவர் எவ்வாறு உருவானார், எதற்காக உழைக்கிறார், எதனைத் தாங்குகிறார் என்று பொறுமையாகக் கேட்கப் பழகுவோம். கேட்டபின் அறிந்ததை அறிந்தபடியே சொல்வோம். அறிந்ததால் வரும் ஆதாயம் அறியாதவருக்கு இழப்பாகுமெனில், அதனைப் பெறுமுன் ஒருமுறை நின்று சிந்திப்போம்.